ரெட்டைப் பூட்டு

வீட்டைப் பூட்டிவிட்டு என் தம்பி ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். பிறகு ஒதுங்கி நின்று, "நீயும் இழுத்துப் பாருக்கா" என்பான். நான் இழுத்த பிறகுதான் சாவி அவன் சட்டைப்பைக்குள் போகும். சமையலில் அவன் உப்புப் போட்டால் நான் ருசி பார்க்க வேண்டும். நான் போட்டால் அவன். செய்த ஆளே சரிபார்த்தால் அது சரிபார்ப்பே இல்லை என்பது அவன் கட்சி. "இவன் மூக்குச் சிந்தணும்னாக்கூட சாட்சிக்கு ஒருத்தர் வேணும்" என்பார் என் வீட்டுக்காரர்.

குளிர்பதன இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் உள்தணிக்கைப் பிரிவில் இருக்கிறான். நான் எட்டாவதோடு நின்று தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவள். எனக்குப் புரிகிற மாதிரி தன் வேலையை அவனே ஒருநாள் சொன்னான்: "துணியை வெட்டுறதுக்கு முன்னாடி நீ ரெண்டாவது தடவை அளந்து பாக்குற இல்ல? கம்பெனிக்கு அந்த ரெண்டாவது தடவை நான்." தொழிற்சாலைக்குச் சரக்குக் கொடுக்கும் வியாபாரிகள் ஆண்டுப் பிறப்புக்கு அனுப்பும் நாட்காட்டியைக்கூட வாங்க மாட்டான். எங்கள் சுவரில் தொங்குவது காசு கொடுத்து வாங்கியது. என் தையல் கடைக்கு வரும் யாரிடமும் இதை நான் சொல்லாமல் விட்டதில்லை.

செப்புக் குழாய்களைப் பற்றவைக்க வெள்ளி கலந்த கம்பிகள் உண்டு. சின்னது, விலை அதிகம், சட்டைக்குள் மறைந்துவிடும். அதனால் அவற்றை வைக்கும் அறைக்கு இரண்டு பூட்டு; சாவிகள் இரண்டு பேரிடம். ஒரு காலத்தில் அந்த இருவரும் மாமனாரும் மருமகனுமாக இருந்தார்கள். கம்பிகள் சாப்பாட்டுப் பைக்குள் படுத்துக்கொண்டு வாசலைத் தாண்டின. கண்டுபிடித்தவன் என் தம்பி. "பூட்டு ரெண்டா இருந்தாலும் வீடு ஒண்ணுன்னா அது ஒத்தைப் பூட்டுதான்க்கா" என்றான். சாவி வைத்திருக்கும் இருவருக்குள் உறவு, கொடுக்கல் வாங்கல், அன்பளிப்பு எதுவும் கூடாது, அப்படி ஏதாவது வந்தால் உடனே மேலே சொல்லிவிட வேண்டும் என்று விதி எழுதிக் கொடுத்தான். அது இன்று மற்றக் கிளைகளிலும் நடப்பில் இருக்கிறது. 'ரெட்டைப் பூட்டு' என்று அவனுக்குப் பெயர் வந்தது அப்போதுதான். முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள் என்று அவன் நினைக்கிறான். முன்னாலும் சொல்கிறார்கள்.

புது ஏற்பாட்டில் ஒரு சாவி அவனிடம் வந்தது; மற்றது ஸ்டோர் பொறுப்பில் இருக்கும் அம்மாளிடம். படுக்கையில் கிடந்த தகப்பனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாண வயதைக் கடந்துவிட்டவர். தினமும் காலையில் இருவரும் அந்தக் கதவின் முன் நிற்பார்கள். அவர் ஒரு பூட்டைத் திறப்பார், இவன் ஒன்றைத் திறப்பான். அவர் கம்பிகளை நிறுத்துக் கொடுப்பார், இவன் தராசு முள்ளைப் பார்ப்பான். மறுபடி பூட்டு. வருடக்கணக்காக அவ்வளவுதான்.

மாலையில் கடைக்குள் வந்து உட்கார்ந்து அன்றைய சங்கதிகளைச் சொல்வான். எடை சரியாக இருந்தது, தராசுக்கு முத்திரை வைக்க ஆள் வரவில்லை, அவங்களுக்கு இருமல் இன்னும் விடவில்லை. நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டேன், "இருமல் எந்தக் கையிருப்புலடா வருது?" என்று. அவன் காது சிவந்தது. தலையில் பாதி நரைத்தவன்.

ஒருநாள் இவன் தொண்டையைச் செருமியபோது அந்த அம்மாள் ஒரு இருமல் மிட்டாயை நீட்டியிருக்கிறார். அன்பளிப்பு கூடாதே. வேண்டாமென்று சொல்லிவிட்டான். வெகு காலம் கழித்து, மின்சாரம் போய் நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, தானாகச் சொன்னான்: "அதை வாங்கியிருக்கலாம்க்கா."

பார்த்த பெண்களையெல்லாம் ஏன் தட்டிக்கழித்தான் என்று அன்று எனக்கு விளங்கியது. நான் போய்ப் பேசட்டுமா என்றேன். பதறிவிட்டான். சாவி கையில் இருக்கும்வரை அந்தப் பேச்சை எடுக்கவே கூடாதாம்.

அதன்பின் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் நெறிமுறைக் குழுவின் தலைவியிடம் போய், சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள் என்றிருக்கிறான். உறவு ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். இவன் சொன்ன பதிலை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்: "இல்லைங்க மேடம். இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது. அப்படித் தோணுறவன் கையில அந்தச் சாவி இருக்கக் கூடாது."

எதையும் இருமுறை யோசிப்பவன் இதில் ஒருமுறைதான் யோசித்திருந்தான். ஒருவர் இப்படிச் சொன்னால் மற்றவரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அதுவும் அவனே எழுதிய விதி. அன்று பிற்பகலே அந்த அம்மாளைக் கூப்பிட்டார்கள். இவன் மனதில் இருப்பதை அவர் முதன்முதலாகக் கேட்டது விசாரணையில்.

"பொண்ணுகிட்ட சொல்றதுக்கு முன்னாடி கமிட்டிகிட்ட சொன்ன மகராசன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா" என்றேன்.

"முதல்ல மேலதானேக்கா சொல்லணும்?"

"சரி, அவங்க என்ன சொன்னாங்களாம்?"

"தெரியாது. விசாரணையில சொன்னது வெளிய வரக் கூடாது."

அந்த விதியை எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை.

சாவி இப்போது வேறொரு தணிக்கையாளரிடம் இருக்கிறது. நியாயமாக நடந்துகொண்டதில் இவனுக்குக் கிடைத்தது, அந்தக் காலைநேரம் பறிபோனதுதான். இவனுக்கு எதிர்க் கட்டடத்தில் மேசை. அந்த வேளை வந்தால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறதாம். ஸ்டோர் ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்பது மட்டும் அங்கிருந்து தெரியும். மாலையில் வந்து உட்கார்ந்தால் எடை, தராசு எதுவும் இல்லை. "விளக்கு எரிஞ்சுது" என்கிறான். "அப்ப வந்திருக்காங்க" என்கிறேன். "ஆமா, வந்திருக்காங்க" என்கிறான். இனிப் போய்ப் பேசேன்டா என்றால், விசாரணை முடிந்துவிட்டது என்று எழுத்தில் வரட்டும் என்றான். நேற்று முன்தினம் அதுவும் வந்துவிட்டது. ஆனால் அவர் என்ன சொல்லிவிட்டாரோ என்ற பயத்தில் நேற்றும் வாயைத் திறக்கவில்லை.

தொழிற்சாலைப் பேருந்து என் கடைக்கு எதிரேதான் நிற்கும். இவன் இறங்குவான், அந்த அம்மாளின் நிறுத்தம் இன்னும் தள்ளி, பாலத்துக்கு அப்பால். இன்று மாலை இவன் இறங்கி, சாலையைக் கடந்து வந்து, என் முன்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். முதுகு சாலைப் பக்கம். இவன் தோளுக்கு மேலே எனக்குப் பேருந்து தெரிந்தது. அந்த அம்மாள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். தப்பான இடத்தில் இறங்கிவிட்டாரென்று நினைத்த ஓட்டுநர் வண்டியை எடுக்காமல் ஒலிப்பானை அடித்தார். நான் இவன் தம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமலே, வண்டியைப் போகச் சொல்லிக் கையை அசைத்தார்.