பேராசிரியரைத் தள்ளிய கால்

சோமனூரிலிருந்து தினமும் பைக்கில் கோவைக்கு வேலைக்குப் போகிறவன் நான். ஒருநாள் காலை மேம்பாலத்து ஏற்றத்தில் ஓர் அம்மா, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில் வியர்த்து வழிய ஏறிக்கொண்டிருந்தார். நரைத்த கிராப், பயில்வான் தோள்கள். கால்களை முன்பலகையில் வாரால் கட்டியிருந்தார். பெட்ரோல் தீர்ந்த வண்டியைத் தள்ளுவோமே, அப்படி பைக்கில் இருந்தபடியே இடது காலை அவர் சைக்கிளின் பின்கம்பியில் கொடுத்து உச்சிவரை தள்ளிவிட்டேன். புண்ணியம் செய்த நிறைவு எனக்கு.

பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, அடுத்த வாரம் மாற்றுத்திறனாளிகளுக்கான சைக்கிள் ரேஸ் ஓட்டறேனுங்க. ஏத்தத்துக்கு எத்தன நேரமாகுதுன்னு பாத்துட்டிருந்தேன். கெடுத்துப்போட்டீங்களே!"

"தெரியலீங்க, மன்னிச்சுக்குங்க."

சிரித்துவிட்டார். கல்லூரியில் சமூகவியல் பேராசிரியராம். ஒரு நோட்டை எடுத்து, என்னைப் பார்த்தபடியே கோடு போட்டார். 'கேட்காமல் தள்ளியவர்கள்' என்று தலைப்பு. அந்தப் பக்கம் ஏறக்குறைய நிறைந்திருந்தது.

"கேட்டுட்டுத் தள்ளுனவங்களுக்கும் ஒரு பக்கம் இருக்குதுங்க. அது காலியாக் கெடக்குது. ஒத்தாசை பண்ணோணும்னா இதுல கையெழுத்துப் போடுங்க."

அவர் நீட்டியது சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்கும் மனு. போட்டேன்.

இப்போதும் அந்த ஏற்றத்தில் அவரைப் பார்த்தால் என் இடது கால் தானாக எழும். அடக்கிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே மெதுவாகப் போகிறேன். பஸ்கள் என்னைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போகின்றன. நோட்டில் இது எந்தப் பக்கத்தில் சேரும் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.