சத்தமில்லாமல் வெடித்த சிலிண்டர்

போன வருடம், சங்கு குளிக்கும் சீசன் தொடங்கும் நேரம். தூத்துக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் என் கணவர், படகுக்கு அடித்ததில் மிச்சமிருந்த நீலப் பெயின்டைத் தன் காற்றுச் சிலிண்டருக்கு அடித்துக்கொண்டிருந்தார். அதை முதுகில் மாட்டிக்கொண்டுதான் கடலுக்கடியில் போய்ச் சங்கு எடுப்பார். படகு புதுசானால் சிலிண்டரும் புதுசாகத் தெரிய வேண்டும் அவருக்கு.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயம். பெயின்ட் மூடும் முன் அடிப்பக்கம் துருவைப் பார்த்துவிட்டேன். அது கண்ணை விட்டுப் போகவே இல்லை. சோதித்துப் பார்த்துவிட்டுக் காற்று அடையுங்கள் என்று விடாமல் நச்சரித்தேன்.

"ஏளா, நீ குக்கர் விசிலுக்கே ஓடுதவ. உன் பேச்சைக் கேட்டா நான் கரையிலதான் சங்கு பொறுக்கணும்" என்றார். ஆனாலும் என் தொல்லை தாங்காமல், ஊரை ஒட்டியிருக்கும் புதுக்கோட்டைக் கிராமத்துப் பக்கம் சிலிண்டர் சோதிக்கும் பட்டறைக்கு பைக்கை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பட்டறைக்காரத் தம்பி பார்த்ததுமே சிரித்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை அலங்காரம்லா பண்ணியிருக்கிய!"

சிலிண்டர் நிறையத் தண்ணீர் ஊற்றி, இரும்புக் குழிக்குள் இறக்கி மூடினார். இனி பம்பை வைத்து மேலும் தண்ணீரைத் திணிப்பாராம். காற்று அடைக்கும்போது இருப்பதைவிட அதிக அழுத்தம் வருமாம். நான் சுவருக்குப் பின்னால் போய்விட்டேன்.

"நிறைஞ்சதுக்குள்ள இன்னும் எங்கன போவும் தம்பி?"

"மொத்தமே ஒரு டம்ளர் தண்ணிதான்க்கா கூடப் போவும். தண்ணி லேசுல அமுங்காது. காத்தைத்தான் எக்கச்சக்கமா அமுக்கி அடைக்கோம். அதான் அடைக்கும்போது சிலிண்டர் அப்படிச் சுடுது."

மீட்டரில் முள் ஏறிக்கொண்டே போனது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். சுள்ளி ஒடிவது போல் 'டக்' என்றது. முள் அப்படியே கீழே விழுந்தது. அவ்வளவுதான்.

மூடியைத் திறந்தால், நீலப் பெயின்டில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அதிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

"காத்தா இருந்தா இந்தக் கூரை இருக்காதுக்கா. அடைச்ச காத்து அம்புட்டும் ஒரே நொடியில விரியும். தண்ணிக்கு அப்படி விரியதுக்கு ஒண்ணுமில்ல" என்றார் அந்தத் தம்பி.

மறுநாள் காலையில் அதில்தான் காற்று அடைப்பதாக இருந்தது. படகில் அதன் பக்கத்தில்தான் இவர் உட்கார்ந்திருப்பார். கேலி பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர், திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "ஏளா, வேற எதுலயும் பயமிருந்தா இப்பமே சொல்லிரு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

என் பயம்தான் அவரைக் காப்பாற்றியது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தண்ணீர்தான் நினைவில் நிற்கிறது. இரும்பே பிளக்கும் அளவுக்கு நெருக்கப்பட்டும், வழி கிடைத்ததும் யாரையும் அடிக்காமல் சும்மா வழிந்து போனதே, அதை நினைத்தால் குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது இன்றும் ஒரு கணம் கை நின்றுவிடுகிறது.