குளக்கட்டில் பிறந்த நான்கு பேர்

எங்கள் குடும்பத்தில் காடு வெட்டியவர் ஒரேயொருவர். அவர் காடு வெட்டியதைப் பற்றிப் பேசியவர்கள் மூன்று தலைமுறை. அந்த மூன்றாவது தலைமுறையில் அதிகம் பேசியவன் நானே என்பதை அடக்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவர் என் பூட்டன், அப்பாவின் அப்பப்பா. ஈச்சிலம்பற்றுக்கு மேற்கே, யானையும் கரடியும் தவிர வேறு குடிகள் இல்லாத காட்டுக்குள் தூர்ந்து கிடந்த ஒரு சிறுகுளத்தைக் கண்டுபிடித்து, குளக்கட்டை மண் போட்டு உயர்த்தி, அதன் கீழே வயல் திறந்தவர். இவ்வளவும் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் கதை. மீதியைக் கலியாண வீடுகளில் சேர்த்துக்கொண்டோம். அப்பாவின் காலத்தில் பூட்டன் துவக்கால் சுட்ட யானை ஒன்று. என் காலத்தில் அது மூன்றாகியிருந்தது. கரடியோடு கட்டிப்புரண்டது என் சொந்தச் சரக்கு. திருகோணமலையில் ஒரு கந்தோரில் மின்விசிறிக்குக் கீழே இருந்து பைல் புரட்டுகிறவனுக்கு அப்படியொரு பூட்டன் தேவைப்பட்டார்.

எழுபதுகளின் முற்பகுதி, பாண் ரொட்டிக்குக்கூட வரிசையில் நின்ற பஞ்சக் காலம். ஒரு நாள் காலை மூதூர் லாஞ்சுப் படகில் அத்தான் வந்திறங்கினார். அக்காவின் கணவர்; பூட்டனின் வயலை அப்போது செய்துகொண்டிருந்தவர். தயிர்ச்சட்டியை என் கையில் தந்துவிட்டுக் கதிரையின் நுனியில் இருந்தார். கதிரையில் சாய்ந்து இருக்காத அத்தான் என்றால் விஷயம் பெரிது.

நில அளவைக்காரர் வந்து கல் நட்டுவிட்டார்களாம். குளத்தடி முழுவதும் அரசாங்கக் காணி. பழைய வயல் என்று காட்டுகிறவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கிடைக்கும். காட்டாதவர்களின் நிலம் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். விசாரணைக்கு இன்னும் மூன்று கிழமை.

"எங்கட வயலைச் சேனை எண்டு எழுதிப்போட்டினம், மச்சான். ஒரு வருசம் வெட்டி எரிச்சு விதைச்சுப்போட்டு, அடுத்த வருசம் வேற காட்டுக்குப் போற சேனை. தொடர்ந்து அங்கயே இருந்தனாங்கள் எண்டு காட்டவேணுமாம்."

"அதுக்கென்ன அத்தான், ஊருக்கே தெரியுமே?"

"ஊருக்குத் தெரியும், கடுதாசிக்குத் தெரியாதே! நீங்கள் பூட்டனைப் பற்றிக் கதைக்காத நாளில்லை. அதில பாதியை எழுத்தில எடுத்துத் தாருங்கோ. கரடி வேண்டாம்."

குடும்பக் கடுதாசிகள் எல்லாம் என் அலுமாரியில்தான் இருந்தன. வெருகல் ஆறு பெருகினால் அக்கா வீட்டில் பாய்கூட மிதக்கும் என்பதால், ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டு என்னிடம் அனுப்பியிருந்தார்கள். வாங்கி வைத்த நாளிலிருந்து நான் அதைத் திறந்ததில்லை. புத்தகம் வாசிப்பதில் பெயரெடுத்தவன். சொந்த வீட்டுக் கடுதாசியை வாசிக்க நேரம் கிடைக்கவில்லை.

அன்று திறந்தபோது மேலே இருந்தவை பூட்டன் அரசாங்கத்துக்கு அனுப்பிய விண்ணப்பங்களின் பிரதிகள். யாரோ எழுதிக்கொடுக்க, அடியில் பூட்டன் கோணல் எழுத்தில் ஒப்பம் வைத்திருந்தார். ஒன்றைத் தவிர வேறெதையும் அவர் கேட்கவில்லை: யானை பயிரை அழிக்கிறது, ஒரு துவக்கு வைத்திருக்க அனுமதி வேண்டும். ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு விண்ணப்பம். கடைசியில் ஒரு பதில்: தர இயலாது. அப்படியென்றால் அந்த மூன்று யானைகளையும் நான் எதைக் கொண்டு சுட்டேன் என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

துவக்கு இல்லாத பூட்டனை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் வயல் எங்கே இருக்கிறதென்று எந்த விண்ணப்பத்திலும் இல்லை. தபால் வருகிற ஊரின் பெயர்தான் இருந்தது.

தகரத்தின் அடியில், மஞ்சள் சீலையில் சுற்றிய நான்கு ஓலைகள். சாதகங்கள் என்பது மட்டும் விளங்கியது. ஓலை எழுத்தில் ஒரு வரி ஓடவில்லை. சந்தைக்குப் பக்கத்தில் இருந்த சாத்திரியாரிடம் கொண்டுபோனேன். முதல் ஓலையைப் பார்த்ததுமே அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, செத்தவையின்ர சாதகத்தை வீட்டில வைச்சிருக்கிறியள்?"

எங்கள் வழக்கம் எனக்கும் தெரியும். ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போவோம். சாதகமும் அன்றோடு தண்ணீரில் போய்விடும். அப்பப்பாவின் சாதகம் அப்படித்தான் போனது. இவை ஏன் போகவில்லை?

சாத்திரியார் நான்கையும் வாசித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இது நாலும் சின்னப் பிள்ளையள். குழந்தையளுக்கு அந்தியேட்டி இல்லையே, தம்பி. கொண்டுபோய்க் கரைக்க ஒரு நாள் வரயில்லை."

ஒவ்வொரு ஓலையிலும் பிறந்த இடம் எழுதியிருந்தது. குளத்தின் பெயர், பிறகு 'கட்டில் வாடி', அதாவது குளக்கட்டின் மேல் போட்ட குடிசை. நான்கும் ஒரே குளம், ஒரே வாடி. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போவது எங்கள் பெண்களின் வழக்கம். பூட்டனின் பெண்சாதி, என் பூட்டி, நான்கு தடவையும் போகவில்லை. ஓலையின் ஓரத்தில் வேறொரு கை கீறலாக பிள்ளை இறந்த ஆண்டையும் மாதத்தையும் எழுதி, பக்கத்தில் 'சுரம்', அதாவது காய்ச்சல், என்று எழுதியிருந்தது. விண்ணப்பங்களில் ஒப்பம் வைத்த அதே கோணல் கை.

"வருசப் பேர்தானே இருக்கு?" என்று கேட்டேன். "அறுபது வருசத்துக்கு ஒருக்கா அதே பேர் வருமே. அதிகாரி கேட்டால்?"

"வியாழனும் சனியும் அறுபது வருசத்தில பழைய இடத்துக்குக் கிட்ட வரும். இராகு வராது," என்றார் சாத்திரியார். இராகுவால் எனக்கு நன்மை நடந்தது அந்த ஒருமுறைதான். அவர் ஆண்டுகளைக் கணித்து ஒரு தாளில் எழுதித் தந்தார். முதல் பிள்ளைக்கும் நான்காவது பிள்ளைக்கும் இடையில் ஒன்பது வருடம்.

வீட்டுக்கு வந்து ஓலைகளை விண்ணப்பங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். மூன்றாவது பிள்ளை சுரத்தில் போன அதே மாதம் ஒரு விண்ணப்பம் போயிருந்தது. கதிர் முற்றிவிட்டது, யானை வரத் தொடங்கிவிட்டது, துவக்கு வேண்டும். பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தடிமல் பிடித்தால் இரண்டு நாள் லீவு எடுத்து, அதை விவரித்து மேலதிகாரிக்கு முழுப் பக்கக் கடிதம் எழுதுகிறவன் நான். அந்த விண்ணப்பத்தை மறுபடி மறுபடி வாசித்தேன். யானையைச் சுட்ட பூட்டனை நான் ஊர் முழுக்க விற்றிருந்தேன். ஒரு பிள்ளை பிறந்த நேரத்தை நிழலை அடியால் அளந்து மனதில் வைத்துக்கொண்டு, அதை எழுதுவிக்கக் காட்டுப்பாதையால் ஊருக்கு நடந்து வந்து, பிறகு அதே ஓலையில் 'சுரம்' என்று கீறியவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

விசாரணை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பூட்டனைப் பற்றி ஒரு சிறு உரை தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்கள் வயல் செய்யிறனீங்களா?" என்றார். இல்லையென்றேன். "அப்ப இருங்கோ."

அத்தான் ஓலைகளை மேசையில் வைத்தார். முறைக்குக் காத்திருந்த மூதூர் விவசாயி ஒருவர், எங்கள் வயலுக்குக் கீழே வயல் உள்ளவர், எட்டிப் பார்த்தார்.

"சாதகத்த வெச்சுக் கலியாணம் பேசுவாங்க எண்டு கேள்விப்பட்டிருக்கன். காணி பேசுறத இண்டைக்குத்தான் பாக்கன்."

மண்டபம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. சாத்திரியார் எழுதித் தந்த தாளை ஓலைகளோடு ஒத்துப் பார்த்தார். தானே ஓலை எழுத்து வாசிக்கக்கூடியவர் என்று அப்போதுதான் தெரிந்தது. நான்காவது ஓலையில் நிறுத்தினார்.

"ஒன்பது வருசம் ஒரே வாடியில. அது சரி. ஆனா சுரம் வந்தா ஆக்கள் காட்டை விட்டுப் போயிடுவினம். நாலு பிள்ளை போன பிறகும் இந்த மனுசன் ஏன் போகயில்லை?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு பக்க விடை இருந்தது. விடை சொன்னவர் அத்தான்.

"வயலில பயிர் நிண்டிருக்கும், ஐயா. விட்டுப்போட்டு எங்க போறது?"

அதிகாரி தலையாட்டினார். அவ்வளவுதான். 'தொடர்ச்சியான வயற்செய்கை' என்று எழுதினார். பிறகு படிவத்தைத் திருப்பினார். காணியில் குடியிருந்தவர்களின் பெயர்களுக்கு ஒரு நிரல் இருந்தது.

"பிள்ளையளின்ர பேர்?"

சாதகத்தில் பெயர் இல்லை. எங்கள் யாருக்கும் தெரியவுமில்லை. கரடிக்கு நகத்தின் நீளம்வரை சொன்ன எனக்கும் தெரியவில்லை.

"நட்சத்திரம் இருக்கு, ஐயா," என்றார் அத்தான்.

அதிகாரி நான்கு ஓலைகளையும் மறுபடி வரிசையாகப் பரப்பினார். பிறகு பூட்டன், பூட்டி பெயர்களுக்குக் கீழே ஒவ்வொன்றாக எழுதினார்: உத்தரம், சதயம், உரோகிணி, பூசம். ஓலைகளைச் சீலையில் சுற்றி இரண்டு கையாலும் அத்தானிடம் திருப்பிக் கொடுத்தார்.

அனுமதிப்பத்திரம் வருவதற்குள் மாரி தொடங்கிவிட்டது. விதைப்பு நேரம், வர ஏலாது என்று அத்தான் ஆளனுப்பியதால் நான் லாஞ்சு ஏறிக் கொண்டுபோனேன். அவர் முழங்கால் சேற்றில் நின்றார். நான் சப்பாத்தோடு வரம்பில் நின்று தாளை நீட்டினேன்.

"கையெல்லாம் சேறு, மச்சான். நீங்களே வாசியுங்கோ, கேக்கிறன்."

முதல் வரியிலிருந்து உரத்து வாசித்தேன். அத்தான் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு விதைத்தபடி அடுத்த வரம்புவரை போனார். கடைசிப் பந்தியை அவருக்குக் கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது.