குஞ்சுகளுக்குப் பிடித்த புகை

கொட்டாஞ்சேனைக்குப் போன தங்கச்சி ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கோழிக்குஞ்சுகளோடு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து இறங்கினாள். சாயம் பூசிய குஞ்சுகள். வழியில் மழை பிடித்து, ஓட்டோவுக்குள் சாரல் அடித்து, பெட்டியே ஊறிப்போயிருந்தது.

வீட்டில் நாங்கள் இரண்டு கிழவிகள் மட்டும்தான். கதைப்பது அவள், கேட்பது நான்.

"தலையில ஈரம் நிண்டால் தடிமன் பிடிக்கும். சாம்பிராணிச் சட்டியைக் கொண்டு வா அக்கா" என்றாள்.

குளிக்க வார்த்த பிள்ளைகளுக்குத் தலைக்குப் புகை காட்டுவது எங்கள் வழக்கம். குஞ்சும் பிள்ளைதானே என்று எனக்கும் பட்டது. ஒவ்வொன்றாகத் துவாயில் சுற்றிப் புகையில் பிடித்தோம். மறுநாள் அவை தும்மின.

"தும்மட்டும். சளி வெளியில வருது" என்று அவள் இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டாள்.

பிறகு தொண்டைக்குள் கரகரவென்று சத்தம் வந்தது. இரண்டு குஞ்சுகள் செத்துப்போயின. என் உள்ளங்கையில் ஏறி நித்திரை கொள்ளும் ரோஸ் நிறக் குஞ்சும் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சுக்கு அந்தரப்பட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

தங்கச்சிக்கு முழங்கால் வலி. மருந்துக்கு நான்தான் போகவேண்டி வந்தது. சந்தையில் கூட விரலால் காட்டித்தான் மரக்கறி வாங்குவேன். சொல்ல வேண்டியதை வழி முழுக்க மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். மிருக மருந்துக் கடைக்குள் கால் வைத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

அங்கே வேலைக்கு நின்ற மலைநாட்டுப் பிள்ளை மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"கோயில்ல இருந்து வர்றீங்களாம்மா? சாம்பிராணி வாசம் தூக்குது."

"இல்லப் பிள்ளை. கோழிக்குஞ்சுக்குப் பிடிச்சனான். அதுகளுக்குத் தடிமன்."

கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டேன். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"புகையை நிப்பாட்டுங்கம்மா. அதுங்களுக்கு நெஞ்சு சின்னது, தாங்காது. பெட்டியில காஞ்ச மரத்தூள் போட்டு, காத்து வர்ற இடமா வைங்க. குளிராம ஒரு பல்பு போடுங்க. இந்த மருந்தைத் தண்ணியில கலந்து குடுங்க."

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பின்விறாந்தைக்குத் தூக்கினேன். பின்னேரம் தங்கச்சி நொண்டி நொண்டிச் சட்டியோடு வந்தாள். நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"வேண்டாம். புகைதான் அதுகளின்ர மூச்சை அடைக்குது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் அவளை மறித்துப் பேசியதே கிடையாது.

"கடைக்குப் போய் வாய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய்" என்றாள். ஆனாலும் சட்டியைச் சாமிப் படத்தடிக்குக் கொண்டு போய்விட்டாள்.

மூச்சு உடனே சீராகவில்லை. ரோஸ் குஞ்சு வாயை மூடிக்கொண்டு நித்திரை கொண்ட அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இப்போது அது சாயம் போய் வெள்ளைச் சேவலாக நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி மணந்ததும் விறாந்தையை விட்டு இறங்கி முற்றத்து மூலைக்குப் போய்விடும்.

"புகை பிடிச்சு வளர்த்த நன்றி இருக்கே அதுக்கு?" என்பாள் தங்கச்சி.

நான் அரிசியை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போவேன்.