ஆறு மாசம் இருக்கலாம்

நாத்தனார் கொடுமை என்று ஊரெல்லாம் பேசுவார்கள். எனக்கு வாய்த்த நாத்தனாருக்குக் கொடுமை செய்ய நேரமே இருந்ததில்லை. கடைசியாக வந்தபோதும் பெட்டியைச் சுவரோரம் சாய்த்தாள், முகம் கழுவினாள், நேரே போய், படுத்த படுக்கையாகிவிட்ட மாமனாரின் விரிப்பை மாற்றத் தொடங்கிவிட்டாள். வெளிநாட்டில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை, நாள் முழுக்க விரிப்புகளோடுதான் பிழைப்பு. படுத்திருப்பவரை ஒரு பக்கம் புரட்டி, பழையதைச் சுருட்டி, புதியதை விரித்து, மறுபக்கம் புரட்டி இழுத்துவிட்டால் ஒரு சுருக்கம் இருக்காது. நான் செய்தால் விரிப்போடு சேர்ந்து மாமனாரும் கசங்குவார்.

அவள் வெளிநாடு போன கதை சின்னது. இங்கே ஓர் அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கட்டிடத்துக்கு லிஃப்ட் மாட்ட வேறு நாட்டிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். லிஃப்ட் மேலே போனதோ இல்லையோ, இவள் அவரைக் கல்யாணம் செய்துகொண்டு விமானம் ஏறிவிட்டாள். மாமனார் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு அவரே மாப்பிள்ளைக்குச் சட்டை எடுத்து அனுப்பினார். எங்களுக்குள் அவர் பெயர் லிஃப்ட்காரர். அந்த நாட்டில் என் நாத்தனாருக்கு, அவர் மனைவி என்ற முறையில் ஒரு விசா.

அந்த விசாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் அந்த நாட்டுக்கு வெளியே தங்கினால் அது செல்லாமல் போகும். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பித்து, கிடைக்கும்வரை புருஷன் ஒரு தேசத்திலும் பெண்டாட்டி ஒரு தேசத்திலுமாகக் காத்துக்கிடக்க வேண்டும். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து நினைவும் தடுமாறத் தொடங்கியபோது, எவ்வளவு நாள் தங்குவாய் என்று என் வீட்டுக்காரர் தன் அக்காவிடம் போனில் கேட்டார். அவள் யதார்த்தமாகச் சொன்னாள்.

"ஆறு மாசம் வரைக்கும் இருக்கலாம்டா."

வினை அந்தச் சொல்லில்தான் வந்தது. அவள் சொன்னது சட்டம் எதுவரை விடும் என்பதை. இவர் காதில் விழுந்தது, அக்கா ஆறு மாதம் தங்கப்போகிறாள் என்று. மாமனாரைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் சிஸ்டர் வந்துகொண்டிருந்தார். அந்த வாரமே என் வீட்டுக்காரர் அவரை நிறுத்திவிட்டார்.

நாத்தனார் ஹோட்டலில் மூன்று வாரம்தான் விடுப்பு கேட்டிருந்தாள். அதற்கு வேண்டிய துணிதான் பெட்டியில் இருந்தது. வந்து பார்த்தால் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் காலி நாற்காலி. அதில் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. "அக்காவுக்கென்ன, ஆறு மாசம் பர்மிஷன் இருக்கே" என்று இவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார், அரசாங்கமே அவளை எங்கள் வீட்டு வேலைக்கு அனுப்பிவைத்த மாதிரி. நான் இரண்டு மூன்று தடவை சண்டை போட்டேன். அவளே ஒன்றும் சொல்லவில்லையே என்றார். வாயில்லாப் பூச்சியின் தலையில் மிளகாய் அரைப்பது இந்த வீட்டு ஆண்களுக்குக் கைவந்த கலை. ஹோட்டலில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அதையும் அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

இத்தனைக்கும் மாமனாருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வந்த நாளிலிருந்து "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார். முதலில் சில நாள், "நான்தாம்ப்பா" என்று திருத்திப் பார்த்தாள். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறுபடி சிஸ்டர் என்பார். பிறகு விட்டுவிட்டாள்.

லிஃப்ட்காரர் தினமும் போன் செய்வார். அவர்கள் பேசிக்கொள்வது அரைகுறை ஆங்கிலத்தில். அன்பாகச் சொல்ல வேண்டியதை மட்டும் தமிழில் சொல்வார். ஆனால் நான் போகிறேன், நீ போகிறாய், அவள் போகிறாள் என்று ஆளுக்கொரு வால் ஒட்டுகிற நம் மொழி அவருக்கு ஏறவே இல்லை. யாருக்கும் மாறாத ‘லாம்’ என்ற ஒரே வாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பசித்தாலும் சாப்பிடலாம், நீ சாப்பிட்டாயா என்று கேட்கவும் சாப்பிடலாம். ஆரம்பத்தில் அதைச் சொல்லிச் சொல்லி நானும் அவளும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

ஒருநாள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். போனை வைத்துவிட்டு வந்தவள் முகம் சரியாக இல்லை.

"வரலாம்ங்கறார். வரியான்னு கேக்கறாரா, வந்தா வான்னு சொல்றாரா, ஒண்ணும் புரியல."

"கேட்டுட வேண்டியதுதானே அக்கா."

"கேட்டா ரெண்டுல எதைச் சொல்வாரோன்னு பயமா இருக்கு."

நான் கையிலிருந்த தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டேன்.

மருந்துக் கடைக்காரர், மாடி வீட்டு அம்மா, பழைய அலுவலகத் தோழி என்று பார்த்தவர்களெல்லாம் இன்னும் எத்தனை நாள் இருக்கலாம் என்றுதான் விசாரித்தார்கள். ஒருநாள் மருந்து வாங்கப் போனவள் வெகு நேரமாகக் காணோமே என்று தேடிப் போனேன். பஸ் நிறுத்தத்தில், மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்கள் வந்தன, போயின. எங்கேயாவது போகணுமா என்று கேட்டேன். இல்லை, இங்கே யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, அதனால் உட்கார்ந்தேன் என்றாள். நானும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கெடு நெருங்கியது. விசா போனால் போகட்டும், மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. அன்றைக்கே பழைய சிஸ்டருக்கு நானே போன் போட்டு, திரும்ப வரச் சொன்னேன். நாத்தனார் டிக்கெட் எடுத்தாள். எடுத்த பிறகும், போகிறேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, வேண்டாம் என்று யாரும் தடுக்கவுமில்லை.

கிளம்புகிற அன்று காலையில் அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட உட்கார்ந்தாள். நான் வெந்நீர் கொண்டுபோனேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மாமனார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், நீங்க போயிடாதீங்க."

அவள் கை நின்றது.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. வருவா. ஆனா அவளைப் பிடிச்சு வைக்கக் கூடாது பாருங்க. அங்க அவளுக்குன்னு ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார். அவ வந்தா ரெண்டு நாள்ல நானே அனுப்பி வெச்சிடுவேன். நீங்க இருங்க."

அவள் நுரையைத் துடைத்தாள். அடுத்த கன்னத்தை நிதானமாக முடித்தாள். பிறகு, வேலைக்கு வருகிற சிஸ்டர்கள் பேசுவார்களே, அந்தக் குரலில், "இருக்கேங்கய்யா" என்றாள். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

கீழே கார் வந்து நின்றது. பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"இத்தனை மாசத்துல இருன்னு சொன்னது அப்பா ஒருத்தர்தான்" என்றாள். "அதுவும் என்னைச் சொல்லல."