சொல்லாமல் பார்க்கப் போன மலை

கனடாவில், மொன்றியலின் நடுவில் நிற்கும் மலை ஓர் அணைந்த எரிமலை என்று எனக்குச் சொன்னவன் என் நண்பன். துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியமொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை அது. பிறகு தேடிப் படித்தால், அது எரிமலையே இல்லையாம். நிலத்துக்கடியில் இறுகிப்போன பாறை, மேலிருந்ததெல்லாம் அரிபட்டுப் போனதால் வெளியே தெரிகிறதாம். அதை அவனிடம் சொன்னேன். "அப்ப உண்மையான எரிமலை ஒண்டு பாக்கத்தான் வேணும் மச்சான்," என்றான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இருபது வருடம் விடவில்லை.

நாங்கள் தெரிந்தெடுத்தது பேக்கர் மலை. விமானத்தில் போகிற தூரத்தில், மேற்கே, அமெரிக்க எல்லைக்கு அங்கால் நிற்கிறது. வானம் வெளித்திருந்தால் வன்கூவரில் நின்றே பார்க்கலாம். எரிகுழம்பும் சாம்பலும் மாறிமாறிப் படிந்து வளர்ந்த மலை. அதற்குப் பக்கத்திலிருந்த மூத்த எரிமலையைப் பனியாறுகள் அரித்து மொட்டைப் பாறைகளாக்கிவிட்டன. இதன் தோளெல்லாம் பனி, வாய்க்குள் இன்னும் சூடு. நாங்கள் ஊரில் அரைக்காற்சட்டையோடு திரிந்த காலத்தில் திடீரென்று ஆவி கக்கி அங்கத்தைய சனத்தைக் கலங்கடித்திருக்கிறது. தேநீர் இடைவேளையில் இதைத்தான் கதைப்போம். இரண்டு பேருக்கும் விசர் என்பாள் என் மனைவி.

பயணம் என்றால் எங்கள் ஆட்கள் மூச்சு விடமாட்டார்கள். நாவூறு, கண்ணூறு பட்டுப் போகிற காரியம் குழம்பிவிடுமாம். விமானம் ஏறிய பிறகுதான் சொந்தத் தம்பிக்கே செய்தி போகும். நாங்களும் வெளியில் சொல்லாமல்தான் இரண்டு தடவை நாள் வைத்தோம். ஒரு தடவை அவனுக்கு முதுகு பிடித்தது. மற்றத் தடவை லீவு கிடைக்கவில்லை. இந்த ஆவணியில் கட்டாயம் போவதென்று பேசி வைத்தோம்.

ஆடிக் கடைசியில், ரொறன்ரோவில் கலியாணம் என்று சொல்லி அவன் ஒரு கிழமை லீவு எடுத்தான். இரவல் வாங்கிய ட்ரில் மெஷினைத் திருப்பிக் கொடுக்கச் செயின்ட்-மிஷேலில் அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மகள், "அப்பாவும் அம்மாவும் வன்கூவர் போட்டினம் அங்கிள், எரிமலை பாக்க," என்றாள். உடனே வாயைப் பொத்தினாள். "ஐயோ, ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டவை."

அந்த ஒருத்தருக்குள் நானும் அடக்கம். மெஷினைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஐம்பத்தெட்டு வயதில், பஸ்ஸுக்குள் எனக்கு அழுகை வந்தது. வெட்கம்தான், ஆனால் வந்தது.

திங்கட்கிழமை அவன் வேலைக்கு வந்தான். நேரே கேட்டேன்.

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

கையுறையைக் கழற்றினான், திரும்பப் போட்டான். "மனிசி பயந்திட்டாள் மச்சான். ரெண்டு தரமும் உன்னோட வெளிக்கிட்டுத்தானே குழம்பினது. உன்ர கண்... நான் அப்பிடிச் சொல்லேல்லை, அவள்தான்."

இருபது வருடம் என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கை விட்டுச் சாப்பிட்டவன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் அந்த மலை என்னை விடவில்லை.

"பாத்தனியோ?"

"இல்லை. அஞ்சு நாளும் ஒரே முகில். அடிவாரம்கூடத் தெரியேல்லை."

பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது. அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"நாங்கள் அங்க நிக்கேக்கையே உனக்குத் தெரியுமோ?"