என் மூச்சுக்கு அவர் சொன்ன பதில்

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி பொம்பிளை என்றால் டாக்டர் முன்னால் நாற்காலியில் உட்காருவது அவள், பதில் சொல்வது கூட வந்த ஆம்பிளை. அவளுக்கு எங்கே வலிக்கிறது, ராத்திரி தூங்கினாளா, வெளிக்குப் போனாளா, எல்லாம் அவர்தான் சொல்வார். அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு தலையாட்டுவாள். நானும் ஆட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இத்தனைக்கும் நான் வாயில்லாப்பூச்சி இல்லை. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைப்பேன். எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் குலவை என்னுடையதுதான். நாக்கைச் சுழற்றி நான் ஆரம்பித்தால் மற்றவர்கள் இரண்டு தடவை மூச்சு வாங்கி முடிக்கிறவரை என்னுடையது அறாது. குலவை பாதியில் அறுந்தால் அம்மனுக்கு ஏதோ குறை என்பார்கள். அதனாலேயே வருஷா வருஷம் என்னை முன்னால் நிறுத்துவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முந்தி விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்த பிறகுதான் விரல் ஒழுங்காக மடங்கும். கூடவே ஒரு வறட்டு இருமல். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஆற்றில் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு படித்துறை ஏறினால் பாதியில் நிற்க வேண்டியிருந்தது. சாக்பீஸ் தூசி என்றார் வீட்டுக்காரர். ஆற்றுத்தண்ணி சேரவில்லை என்றாள் மைனி, அவருடைய அக்கா. இருபது வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்த தூசியும் தண்ணியும் திடீரென்று என்மேல் கோபித்துக்கொண்டனவாம். நானும் அதை நம்பினேன்.

பாளையங்கோட்டையில் ஒரு மூட்டு டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்து, மூட்டுவாதம்தான், ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், நல்லது என்றார். மருந்து எழுதுவதற்கு முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இருமல், மூச்சுத் திணறல் ஏதாவது இருக்காம்மா?"

நான் வாயைத் திறக்கவில்லை, பக்கத்திலிருந்து வீட்டுக்காரரின் பதில் வந்துவிட்டது.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர். இவ குலவை போட்டா ஆத்துக்கு அக்கரையில கேக்கும்."

பெருமையாகத்தான் சொன்னார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொன்னதைக்கூட விட்டுவிடலாம், நான் சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வெளியே வந்து, "இருமலையும் சொல்லிருக்கலாம்லா?" என்றேன்.

"ஏட்டி, மூட்டு டாக்டர்கிட்ட இருமலைப் பத்தி எதுக்குப் பேசணும்? அதுக்கு வேற டாக்டர் இருக்காரு. அங்கன போனா டிபியான்னு பாப்பாங்க. தெருவுல தெரிஞ்சா ஒருத்தர் நம்ம வீட்டுல தண்ணி குடிப்பாங்களா?"

விஷயம் அதுதான். தெரு தண்ணி குடிக்க வேண்டும், அதற்கு நான் இருமக் கூடாது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். என் வாய் அந்த மேசையைக்கூடத் தாண்டவில்லை.

ஏழு மாசம் கழித்துக் கொடை வந்தது. மதியக் கொடை தீபாராதனைக்கு மேளம் ஏறியது. நான் குலவையைத் தொடங்கினேன். நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தினது மாதிரி நின்றுவிட்டது. இருமல் பிடித்துக்கொண்டது, குனிந்து தூணைப் பிடித்தேன். மேளக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், உனக்கு என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. "விரதத்துல என்னளா பிழை விட்ட?" என்று மைனி என் கையைப் பிடித்து உலுக்கினாள், வீங்கின கையை. வீட்டுக்காரர் அங்கேயே அம்மனைப் பார்த்துக் கும்பிட்டு, அடுத்த கொடைக்கு மாவிளக்கு எடுப்பதாக என் பேரில் நேர்ந்துகொண்டார். மூச்சு என்னுடையது, நேர்த்திக்கடனும் என்னுடையது, பேச்சு மட்டும் அவருடையது.

அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறினேன். அதே டாக்டர். எல்லாவற்றையும் கொட்டினேன். முதுகின் கீழ்ப்பக்கம் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"போன தடவை வந்தப்பவே இருந்துது சார்."

"அன்னைக்கே கேட்டேனேம்மா."

ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் ஒரு குழாயை வாயில் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க என்று மெஷின் பக்கத்தில் நின்ற பெண் கத்துகிறாள், எனக்கு ஊத ஒன்றும் இல்லை. குலவைக்காரி நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டர் விளக்கிச் சொன்னார். கையில் இருக்கிற நோய்தான் நுரையீரலிலும் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு இல்லை. சில பேருக்கு ஆரம்பத்திலேயே அங்கேயும் போகும். தழும்பு விழுந்த இடம் இனிப் பழையபடி ஆகாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். மருந்தை மாற்றி எழுதினார். மிச்சம் என்ற வார்த்தையைப் பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்தேன். "உங்க பெருமைக்கு என் நெஞ்சுதான் கெடச்சுதா?" என்று கேட்டேன். "நல்லதுக்குத்தான சொன்னேன்" என்றார். எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. ஏழு மாசம். மருந்து அப்போதே மாறியிருந்தால் மிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்திருக்குமோ, என்னவோ. டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த என்னவோதான் என்னைத் தின்கிறது.

போன மாசம் மறுபடி போனோம். ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவரும் வந்தார். "படி ஏற முடியுதாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இப்பம் எவ்வளவோ தேவலை டாக்டர், நல்லா..."

"நீங்க கொஞ்சம் வெளிய இரிங்க" என்றேன். பிள்ளைகளிடம் பேசுகிற குரல் வந்தது. அவர் ஃபைலை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஆற்றுப் படித்துறையில் ஏழாவது படியில் நிற்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். போன தடவை பத்தாவது. எழுதிக்கொண்டு, மாடிக்குப் போய் மறுபடி ஊதிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

மாடிப்படியில் வீட்டுக்காரர் எனக்கு இரண்டு படி முன்னால் ஏறினார். பாதியில் நின்று திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"ஏட்டி, மூச்சு வாங்குதா?"

பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாயைத் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.